ஏபர்ஹார்ட் வேபர்: பேஸைப் பாட வைத்தவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கத் தொடங்கும் பலரும் சாக்ஸபோன், டிரம்பெட், பியானோ என்றுதான் போவார்கள். பேஸ் வாசிப்பவரின் பெயரைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. ஜெர்மனியின் ஏபர்ஹார்ட் வேபர் விஷயத்தில் அது தலைகீழ். அவர் பேஸை எங்கேயோ ஒரு தட்டில் கேட்டுவிட்டு, 'இது என்ன வாத்தியம், வாசிப்பது யார்?' என்று தேடி வருகிறவர்கள் அதிகம். அப்படி வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ஏபர்ஹார்ட் வேபர்?

1940 ஜனவரி 22 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். அப்பா செல்லோ சொல்லிக்கொடுப்பவர், அதனால் ஆறு வயதிலேயே கையில் செல்லோ. பதினாறு வயதில் டபுள் பேஸுக்கு மாறினார். 1960களில் வொல்ஃப்காங் டாவ்னர் என்ற பியானோ கலைஞரின் ட்ரியோவில் வாசித்தார். ஆனால் சோறு போட்டது இசை இல்லை. தொலைக்காட்சியிலும் நாடகத்திலும் இயக்குநர் வேலை பார்த்துக்கொண்டே வாசித்து, 1972 வாக்கில்தான் முழுநேர இசைக்கலைஞர் ஆனார். அதற்கு அடுத்த ஆண்டு முடிவதற்குள் தன் முதல் ஆல்பமான 'தி கலர்ஸ் ஆஃப் க்ளோயி'யை ஒலிப்பதிவு செய்துவிட்டார். அப்போது வயது 33.

அந்தக் காலத்து ஐரோப்பிய ஜாஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்களைப் போல வாசிக்க வேண்டும் என்றே உழைத்தார்கள். வேபரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் சொந்தமாக எழுதத் தொடங்கியபோது அவரிடமிருந்து வந்தது செல்லோ வீட்டில் வளர்ந்த பையனின் இசை. நீண்ட ராகங்கள், மெதுவாக மாறும் சுரக்கூட்டங்கள் (கார்டுகள்), அவசரமில்லாத நடை. அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பேஸ் என்பது தாளக்காரரோடு உட்கார்ந்து அடித்தளம் போடுகிற வாத்தியம் என்றிருந்ததை, முன்னால் வந்து பாடுகிற குரலாக அவர் ஆக்கினார்.

அவர் வாசிப்பது டபுள் பேஸா, பேஸ் கிட்டாரா?

இரண்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அவர் அதை எலக்ட்ரோபேஸ் என்பார். கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் நாதத்தின் பாதி ரகசியம் இதில்தான் இருக்கிறது.

சாதாரண டபுள் பேஸ் ஆள் உயர மரப்பெட்டி. தந்தியை மீட்டியதும் உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்து ஒலி பெரிதாகக் கிளம்பும், ஆனால் சட்டென்று அடங்கிவிடும். நடைக்குத் தோதான குணம் அது. ஒவ்வொரு சுரமும் ஒரு அடி எடுத்து வைப்பது போல விழும். பாடுவதற்கு அது போதாது, கார்வை நிற்காது.

வேபரின் வாத்தியத்தில் அந்தப் பெரிய பெட்டியே கிடையாது. டபுள் பேஸின் நீளக் கழுத்தும் தந்திகளும் அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் ஒல்லியாக. ஒலி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்-அப் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. தந்தியின் அதிர்வை மரப்பெட்டி விழுங்காததால் மீட்டிய சுரம் நெடுநேரம் நிற்கிறது. கழுத்தில் கிட்டாரில் இருப்பது போன்ற மெட்டுகள் (ஃப்ரெட்) இல்லை, அதனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரலை இழுத்துக்கொண்டே போகலாம். நின்றுகொண்டிருக்கும் சுரத்தை லேசாக அசைக்கலாம். அந்த இழுப்பும் அசைவும்தான் அவரை இரண்டு நொடியில் அடையாளம் காட்டிவிடும்.

இன்னொன்று, வழக்கமான நான்கு தந்திகளுக்கு மேல் உச்சத்தில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார். மேல் 'சி' தந்தி. அதன் மூலம் செல்லோவின் எல்லைக்குள் கூச்சமில்லாமல் நுழைந்து வர முடிந்தது. இன்றைக்கு ஐந்து தந்தி பேஸ் என்றால் பெரும்பாலும் கீழே ஒரு தடித்த தந்தி சேர்ப்பார்கள். வேபர் மேலே சேர்த்தார். அவர் மனசு எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

'யெல்லோ ஃபீல்ட்ஸ்'. யோசிக்கவே வேண்டாம். 1975இல் பதிவானது. ரைனர் ப்ரூனிங்ஹாவ்ஸ் கீபோர்டு, சார்லி மரியானோ சோப்ரானோ சாக்ஸபோன், நார்வேயின் யோன் கிறிஸ்டென்சன் டிரம்ஸ், வேபர் பேஸ். நான்கே பேர், நான்கே உருப்படிகள்.

இரண்டாவது உருப்படியான 'சாண்ட்-கிளாஸ்' பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எலக்ட்ரிக் பியானோ ஒரு சின்ன வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க, கிறிஸ்டென்சனின் சிம்பல்கள் அதைச் சுற்றி மெல்லச் சிதறும். மற்ற ஜாஸ் குழுக்களில் டிரம்ஸ் தாளத்தைப் பிடித்து நிறுத்தும். இங்கே அவர் தாளத்தைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த இடைவெளியில் வேபரின் பேஸ் எழும்போது, அது கீழே இருந்து வரும் ஒலியாகவே தோன்றாது. அப்புறம் தலைப்பு உருப்படியைக் கேளுங்கள். குழுவுக்குள் எவ்வளவு உற்சாகம் இருந்தது என்று தெரியும். 'லெஃப்ட் லேன்' கடைசியில் வருவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

முதல் ஆல்பத்துக்கு ஏன் அவ்வளவு புகழ்?

'தி கலர்ஸ் ஆஃப் க்ளோயி' 1973 டிசம்பரில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஊரான லுட்விக்ஸ்பர்க்கில், பாவர் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. ஒரு ஜாஸ் பேஸ் கலைஞரின் முதல் தட்டு என்றால் நாலைந்து பேர் கொண்ட குழு, நடுவில் ஒரு பேஸ் தனி என்று எதிர்பார்ப்போம். வேபர் ஸ்டுட்கார்ட் வானொலி சிம்ஃபொனியின் செல்லோ கலைஞர்களை அழைத்து வந்து உட்கார வைத்தார். அவரே செல்லோவும் ஒகரினா என்ற மண்குழலும் வாசித்தார். கூடவே ப்ரூனிங்ஹாவ்ஸின் பியானோவும் சிந்தசைஸரும், வார்த்தையில்லாமல் பாடும் ஒரு பெண் குரல், டிரம்பெட்டின் உறவான ஃப்ளூகல்ஹார்னில் ஆக் வான் ரோயன்.

இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் 'நோ மோஷன் பிக்சர்' கிட்டத்தட்ட இருபது நிமிடம். வேகமாகச் சுழலும் ஒரு கீபோர்டு வரிசை, திடீரென அது விலகி ஒரு மெதுவான வெளி, மறுபடியும் சுழற்சி என்று போகும். தொலைக்காட்சியில் இயக்குநராக இருந்தவர் என்பது இங்கே எனக்கு நினைவுக்கு வரும். காட்சிகளை வெட்டி ஒட்டுகிற கை அது. இந்த ஆல்பத்துக்கு 1975இல் ஜெர்மன் இசைத்தட்டு விருது கிடைத்தது. அதைவிடப் பெரிய விளைவு, அமெரிக்காவின் கேரி பர்ட்டன் போன்றவர்கள் காதில் இது விழுந்ததுதான். பர்ட்டனின் 'ரிங்' ஆல்பத்தில் ஸ்டீவ் ஸ்வாலோ, வேபர் என்று இரண்டு பேஸ் கலைஞர்கள். ஸ்வாலோ அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ள, வேபர் மேலே பாடுவார். இரண்டு பேஸ் ஒன்றாக இருந்தால் ஒலி கலங்கிப் போகும் என்று நினைப்பவர்கள் அந்தத் தட்டைக் கேட்க வேண்டும்.

இவர் ஆல்பத்தில் நாகஸ்வரம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' அட்டையில் சார்லி மரியானோவின் பெயருக்கு எதிரே சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகஸ்வரம் என்று மூன்றும் இருக்கும்.

மரியானோ 1923இல் அமெரிக்காவின் பாஸ்டனில், இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். சார்ல்ஸ் மிங்கஸோடு வாசித்த பெரிய ஆல்டோ சாக்ஸபோன்காரர். நாகஸ்வரத்தின் மேல் பித்துப் பிடித்துத் தென்னிந்தியாவுக்கு வந்து முறையாகக் கற்றுக்கொண்டார். நம் வித்வான்கள் வாசிக்கிற நாகஸ்வரத்தை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும், அவர் அதற்கு முயலவும் இல்லை. ஆனால் சீவாளியின் அந்தக் குரல், வேபரின் நீண்ட கார்வைகளுக்கு மேலே வந்து உட்காரும்போது ஒட்டவைத்தது போல இருக்காது. வேபரின் இசையில் சுரக்கூட்டங்கள் அடிக்கடி மாறுவதில்லை. ஒரே ஆதாரத்தில் நெடுநேரம் நிற்கும். அப்படி நின்றால்தான் இந்த வாத்தியத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். வழக்கமான ஜாஸ் பாட்டில், இரண்டு மாத்திரைக்கு ஒருமுறை சுரக்கூட்டம் மாறுகிற இடத்தில், நாகஸ்வரம் திணறிப் போயிருக்கும்.

மரியானோ பிறகு பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கலைஞர்களோடு சேர்ந்து 1983இல் 'ஜோதி' என்ற ஆல்பத்தையும் பதிவு செய்தார். ஆர்.ஏ. ரமாமணி அதில் பாடியிருக்கிறார். கடைசிக் காலத்தை மரியானோ ஜெர்மனியில் கழித்து, 2009இல் கொலோன் நகரில் காலமானார்.

இதை ஜாஸ் என்று சொல்லலாமா? ஸ்விங்கே இல்லையே!

ஸ்விங், அதாவது ஜாஸுக்கே உரிய அந்தத் துள்ளல் நடை, இல்லை, சரிதான். ப்ளூஸும் ஏறக்குறைய இல்லை. ஜாஸ் என்றால் அந்த இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டால் வேபர் வெளியே நிற்க வேண்டியவர். ஆனால் அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பது, ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதில் வாங்கிப் பதில் சொல்வது, ஒவ்வொருவருக்கும் தனி நாதம் இருப்பது, இவையெல்லாம் முழுக்க இருக்கின்றன. எனக்கு அது போதும். 1960களின் டாவ்னர் ட்ரியோ பதிவுகளைக் கேட்டால் அவர் அடி எடுத்து வைப்பது போன்ற நடைபேஸும் வாசிக்கத் தெரிந்தவர்தான் என்பது விளங்கும். தெரிந்ததை விட்டுவிட்டு வந்தவர்.

இதில் இ.சி.எம். என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கும் பங்குண்டு. 1969இல் ம்யூனிக்கில் அதைத் தொடங்கிய மான்ஃப்ரெட் ஐக்கரே பேஸ் வாசித்தவர். ஒலிப்பதிவில் வாத்தியங்களுக்கு நடுவே காற்றோட்டமான இடம் விடுவது அவர் பாணி. வேபரின் நாதம் அப்படிப்பட்ட பதிவில்தான் முழுசாக விரியும். வேபரின் சொந்த ஆல்பங்கள் எல்லாமே ஏறக்குறைய அந்த நிறுவனத்தில் வந்தவைதான்.

'கலர்ஸ்' குழு என்று ஒன்று இருந்ததே?

'யெல்லோ ஃபீல்ட்ஸ்' நால்வரின் குழுவுக்கு முதல் ஆல்பத்தின் பெயரையே வைத்தார்கள். பிறகு கிறிஸ்டென்சனின் இடத்துக்கு 'சாஃப்ட் மெஷின்' குழுவின் ஜான் மார்ஷல் வந்தார். அவர் அடி இன்னும் அழுத்தமானது. 1977இல் பதிவான 'சைலன்ட் ஃபீட்' இந்தக் கூட்டணியின் நல்ல சாட்சி. 1980இன் 'லிட்டில் மூவ்மென்ட்ஸ்' அந்த உயரத்துக்கு வரவில்லை என்பது என் கணிப்பு. நல்ல தட்டுதான், ஆனால் ஏற்கெனவே சொன்னதை அழகாகத் திரும்பச் சொல்வது போல இருக்கும்.

'கலர்ஸ்' குழுவின் ஆல்பங்களைத் தாண்டி எதைக் கேட்கலாம்?

1979இன் 'ஃப்ளூயிட் ரஸ்ஸல்'. டிரம்ஸே கிடையாது. உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கேரி பர்ட்டனின் வைப்ரஃபோன், அப்போது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத பில் ஃப்ரிசெலின் கிட்டார், நார்மா வின்ஸ்டன், பான்னி ஹெர்மன் என்று இரண்டு பெண் குரல்கள். வார்த்தையே இல்லாமல் அந்தக் குரல்களை வாத்தியங்களோடு வாத்தியமாக உட்கார வைத்திருக்கிறார். வேபரின் ஆல்பங்களில் நான் அதிகமாகத் திரும்பிப் போவது இதற்குத்தான்.

'லேட்டர் தட் ஈவ்னிங்' 1982இல் வந்தது. பால் மெக்கான்ட்லெஸின் ஓபோ, லைல் மேஸின் பியானோ, மறுபடியும் ஃப்ரிசெல். அதில் வரும் 'மவுரிட்சியுஸ்' என்ற உருப்படியின் ராகம் ஒருமுறை கேட்டாலே மனதில் தங்கிவிடும். 1993இன் 'பெண்டுலம்' முழுக்க முழுக்க பேஸ் மட்டும். பொறுமை இருக்கிற நாளில் கேளுங்கள். 1984இன் 'கோரஸ்' மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை. சிந்தசைஸர் அதிகமாகி, பேஸ் மூச்சு முட்டி நிற்கிறது.

யான் கார்பரெக் குழுவில் அவர் என்ன செய்தார்?

நார்வேயின் சாக்ஸபோன் கலைஞர் கார்பரெக்கோடு அவருக்குப் பழக்கம் 1974இலேயே உண்டு. அமெரிக்க கிட்டார் கலைஞர் ரால்ஃப் டவ்னரின் 'சால்ஸ்டிஸ்' ஆல்பத்தில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து 2007 வரை கார்பரெக் குழுவின் நிரந்தர பேஸ் வேபர்தான். 'பாத்ஸ், பிரிண்ட்ஸ்', 'லெஜண்ட் ஆஃப் தி செவன் ட்ரீம்ஸ்', 'ஐ டுக் அப் தி ரூன்ஸ்', 'ட்வெல்வ் மூன்ஸ்' என்று பெரிய வரிசை. ப்ரூனிங்ஹாவ்ஸும் பிறகு அதே குழுவுக்கு வந்து சேர்ந்தார்.

கச்சேரியின் நடுவில் மற்றவர்கள் இறங்கிப் போக, வேபருக்கு ஒரு தனி நேரம் கிடைக்கும். வாசித்ததைச் சில நொடிகள் பிடித்து வைத்துத் திருப்பித் தரும் எக்கோ கருவி ஒன்று கூடவே இருக்கும். முதலில் ஒரு சின்ன வடிவத்தை வாசிப்பார், கருவி அதைச் சுழல விடும். அதன் மேல் இன்னொரு வரி. பிறகு வாத்தியத்தைக் கையால் தட்டி ஒரு தாளம் சேர்ப்பார். அந்த அடுக்குகளுக்கு மேலே உச்சத் தந்தியில் ராகத்தைத் தொடங்குவார். ஒரே ஆள் மேடையில் நின்று ஒரு குழுவை உண்டாக்கிக்கொள்வார். இன்று 'லூப்பர்' வைத்துக்கொண்டு இதை எல்லோரும் செய்கிறார்கள். வேபரிடம் கருவி கண்ணில் படாது, ராகம்தான் படும்.

கேட் புஷ் பாடல்களில் வாசித்தவர் இவர்தானா?

இவரேதான். பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ், 1982இன் 'தி ட்ரீமிங்' ஆல்பத்திலிருந்து 2005இன் 'ஏரியல்' வரை அவரை அவ்வப்போது அழைத்துக்கொண்டே இருந்தார். முதலில் கேட்க வேண்டியது 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பத்தின் 'மதர் ஸ்டாண்ட்ஸ் ஃபார் கம்ஃபர்ட்'. இயந்திரத்தனமான, சில்லென்ற தாளத்துக்கு நடுவில் அந்த பேஸ் மட்டும் மனிதக் குரல் போல அலைந்து கொண்டிருக்கும். பாப் பாடலில் பேஸுக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்ததற்குக் கேட் புஷ்ஷுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆல்பம் அட்டைகளில் இருக்கும் ஓவியங்கள் யாருடையவை?

அவர் மனைவி மாயா வேபர் வரைந்தவை. 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' அட்டையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

2007இல் என்ன நடந்தது?

கார்பரெக் குழுவோடு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, பெர்லினில் பக்கவாதம் தாக்கியது. உடம்பின் இடது பக்கம் செயலிழந்தது. பேஸில் சுரங்களைப் பிடிப்பது இடது கைதான். இழுப்பு, அசைவு, அடையாளமான அந்தப் பாட்டு, எல்லாம் அந்தக் கையில் இருந்தவை. அதோடு அவர் வாசிப்பு நின்றுபோனது. இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான், 65 வயது நிறைவை ஒட்டி ஸ்டுட்கார்ட்டில் சிம்ஃபொனி இசைக்குழு, பர்ட்டன், கார்பரெக், டாவ்னர் என்று பழைய நண்பர்கள் எல்லோரும் கூடிக் கச்சேரி செய்திருந்தார்கள். 'ஸ்டேஜஸ் ஆஃப் எ லாங் ஜர்னி' என்ற அந்தப் பதிவு வெளியானது 2007இல்.

வாசிக்க முடியாமல் போன பிறகும் புது ஆல்பங்கள் வந்தனவே, எப்படி?

கார்பரெக் கச்சேரிகளில் அவர் வாசித்த தனிகள் பல ஆண்டுகளாகப் பதிவாகிக் கிடந்தன. ஒவ்வொரு ஊரிலும் புதிதாகக் கற்பனை செய்து வாசித்தவை. உட்கார்ந்து அவற்றையெல்லாம் கேட்டார். நல்ல பகுதிகளை எடுத்தார், வெட்டினார், வேண்டிய இடத்தில் மாற்றினார். அவற்றின் மேல் தானே கீபோர்டு வாசித்துச் சேர்த்தார். கார்பரெக் வந்து சில இடங்களில் சாக்ஸபோன் வாசிக்க, மைக்கேல் டிபாஸ்குவா தாள வாத்தியம் சேர்த்தார். 2012இல் 'ரெஸ்யுமே' என்று வெளிவந்தது. ஒவ்வொரு உருப்படிக்கும் அந்தத் தனி வாசிக்கப்பட்ட ஊரின் பெயர்: லீட்சன், கார்ல்ஸ்ரூஹ, ஆம்ஸ்டர்டாம், ட்யூபிங்கன், க்ரெனோபிள்.

பழைய டேப்பைத் தூசி தட்டி விற்கிற வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓர் இரவில் தோன்றி மறைந்த கற்பனையை எடுத்து, அதற்கு ஒரு வீடு கட்டியிருக்கிறார். கச்சேரியில் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் வாசித்த வரிக்கு, பல வருஷம் கழித்து அவரே பதில் வரி எழுதுகிறார். வாசித்தவரும் இசையமைத்தவரும் ஒருவரே, ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு நோய் இருக்கிறது. 2015இல் வந்த 'என்கோர்' இதே வழியில் செய்தது. அதில் ஃப்ளூகல்ஹார்ன் வாசிப்பவர் ஆக் வான் ரோயன், முதல் ஆல்பத்தில் வாசித்த அதே மனிதர். இரண்டில் ஒன்று என்றால் 'ரெஸ்யுமே'யைத்தான் எடுப்பேன்.

பேட் மெத்தினி இவருக்காக ஏதோ எழுதினாராமே?

ஆமாம். 1977இன் 'வாட்டர்கலர்ஸ்' ஆல்பத்தில் அமெரிக்க கிட்டார் கலைஞரான இளம் மெத்தினிக்கு பேஸ் வாசித்தவர் வேபர். 2015 ஜனவரியில், அவருக்கு 75 வயது நிறைந்தபோது ஸ்டுட்கார்ட்டில் மரியாதைக் கச்சேரி நடந்தது. மெத்தினி அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒரு படைப்பை எழுதி வந்தார். வேபரின் பழைய தனிகளின் வீடியோவைத் திரையில் ஓடவிட்டு, அந்த பேஸுக்கு மேடையில் இருந்த பிக் பேண்ட் என்ற பெரிய ஜாஸ் குழுவும் மெத்தினியும் வாசித்தார்கள். 'ஓமாஜ் அ ஏபர்ஹார்ட் வேபர்' என்ற பெயரில் தட்டாகக் கிடைக்கிறது. வேபர் தன் வாழ்க்கைக் கதையை எழுதிப் புத்தகமாக வெளியிட்டதும் அதே ஆண்டுதான்.

போனில் கேட்டால் போதுமா?

போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸின் கீழ்ச் சுரங்கள் அதில் வரவே வராது, மேல் தந்தி மட்டும் அந்தரத்தில் நிற்பது போலக் கேட்கும். சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும். சத்தத்தைக் கூட்டாதீர்கள். சுரம் மீட்டப்படும் நொடியைவிட அது அடங்கும் விதத்தைக் கவனியுங்கள்.

அவர் தனியாக மேடையில் வாசித்ததைக் கேட்க வழி உண்டா?

2021இல் 'ஒன்ஸ் அபான் எ டைம்' வெளியானது. பிரான்சின் அவிஞோன் நகரில் 1994இல் தனியாக வாசித்த கச்சேரி. 'ஆர்கெஸ்ட்ரா', 'பெண்டுலம்' ஆல்பங்களின் உருப்படிகளோடு, எல்லோருக்கும் தெரிந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாடலையும் எடுத்துக்கொள்கிறார். ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் வாசித்துப் பிரபலமாக்கியது. தெரிந்த மெட்டு என்பதால், வேபர் அதில் என்ன செய்கிறார் என்று பின்தொடர்வது சுலபம். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' கேட்டு முடித்தவர்கள் அடுத்து நேராக இதற்கே போகலாம்.